தையல் பெட்டி நாடா

பகலெல்லாம் என்ஜின்களைச் சோதிக்கிறேன்.
ஒன்றை ஒரே வேகத்தில் ஐந்நூறு மணி நேரம் ஓடவிடுவோம்.
இன்னொன்றை முடுக்கி, விட்டு, முடுக்கி, விட்டு
அலறவைப்போம்.
எது முதலில் தேயும் என்பதற்கு அட்டவணை வைத்திருக்கிறேன்.
என் இடுப்புக்குத்தான் இல்லை.

ஸ்டுட்கார்ட் ஒரு குண்டான்,
எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம்.
பற்சக்கர ரயில் மேலே கிளம்பும்போது
நான் படிக்கட்டில் கால் வைக்கிறேன்.
முப்பது நொடி ஓட்டம்.
ஒன்றரை நிமிடம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு
கடவுளே என்று நிற்றல்.
எட்டுத் தடவை.
ஐந்தாவதில் வாயில் பழைய சாவியின் ருசி வரும்.

கீழ்வீட்டு ஹில்ட்ரூட் முதல் நாள்
எங்கே தீ என்று கேட்டாள்.
அவள் மழையானாலும் ஐம்பது நிமிடம் நடப்பவள்,
நடந்தபடியே போனில் தங்கையோடு சண்டை போடுவாள்.
சண்டைக்கு மூச்சு மிஞ்சினால்
அதுதான் சரியான வேகமாம்.

கொழுப்பு சிறுதீயில்தான் உருகும் என்பது அவள் கட்சி.
வாராவாரம் வெண்ணெய் காய்ச்சுகிறவள் நான்,
மறுக்க வாய் வரவில்லை.
ஆனாலும் மறுத்தேன்:
பதினாறு நிமிடத்துக்கு மேல் எனக்கு ஏது நேரம்?

பன்னிரண்டு வாரம் கழித்து
அவள் தையல் பெட்டி நாடாவால் அளந்துகொண்டோம்.
எனக்கு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது.
அவளுக்கும் மூன்று.
நாடா பழசு, இழுத்தால் நீளும் என்றாள்.
மறுபடி அளந்தோம்.
நான் வயிற்றை எக்கினேன். அவளும்.

அப்பா நாற்பத்தேழில் போனார்.
எனக்கு நாற்பத்தாறு.
அதனால் ஒரு எக்கோ.
கறுப்புத் திரையில் என் வால்வு
ஈரக் கைக்குட்டையை யாரோ உதறுவதுபோல.
டாக்டர் விரல் வைத்துக் காட்டினார்:
இங்கே சுருங்குகிறது.
இங்கே, அதைவிட அதிக நேரம், சும்மா இருக்கிறது.
சும்மா இருக்கும்போதுதான் நிறைகிறது.

படியிறங்கும்போது உறைத்தது,
சீராக நடக்கிறவள் நெஞ்சுக்குள்ளும்
ஓட்டமும் நிற்றலும்தான், பிறந்ததிலிருந்து.
ஓடிப்போய்ச் சொன்னேன்.
அப்படியானால் நான்தான் ஜெயித்தேன், என்றாள்,
நான் அதைச் சத்தமில்லாமல் செய்கிறேன்.

இன்று ஞாயிறு.
மூன்றாம் திருப்பத்தில் நிற்கிறாள்.
ஒரே ஒரு தடவை, என்கிறாள், பார்த்துவிடலாம்.
ரயில் யாரையும் பொருட்படுத்தாமல் ஏறிப் போகிறது.
இருபது படி.
இருவரும் ஒரே கைப்பிடியில் சாய்ந்திருக்கிறோம்,
ஒரு வார்த்தைக்கும் மூச்சில்லை.
அவள் சட்டைப் பையிலிருந்து
தங்கை, ஹலோ, ஹலோ என்கிறாள்.