வயது எழுதிய நாள்

குடியாத்தத்தில் என் முதல் முதலாளி
என் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே
ஒரு தீப்பெட்டியைச் செருகினார்.
அது விழுந்தால் நான் நிமிர்ந்தேன் என்று கணக்கு.
நிமிர்ந்தால்
சனிக்கிழமைக் கூலியில் அரையணா போகும்.

அக்கா ஜெகதாம்பாள் இலை வெட்டினாள்,
நான் நுனி மடித்தேன்.
அம்மாவின் பிரசவத்துக்கு வாங்கிய இருபது ரூபாய்
எங்கள் இருவரையும் அந்தப் பாயில் உட்கார வைத்திருந்தது.
பிறந்தவன் பத்து நாள்தான் இருந்தான்.
கடன் இருந்தது.

மாசியில் ஒருநாள்
ஸ்டேஷனிலிருந்து ஜட்கா ஒன்று வந்து நின்றது.
சட்டம் வந்துவிட்டதாம், இன்ஸ்பெக்டர் கூடவே வந்துவிட்டார்.
பொடிசுகளைப் புகையிலைக் கிடங்கில் தள்ளிப்
படலைச் சாத்தினார்கள்.
இருட்டில் ஒருத்தி தும்மினாள்.
பிறகு ஒன்பது பேரும் தும்மினோம்.

"வயசு என்ன?"
கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார்:
"பன்னண்டு முடிஞ்சி போச்சி சாமி,
பாக்கத்தான் சோணியா கீது."
வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து
இடது காதைத் தொடு என்றார் வந்தவர்.
தொட்டுவிடத்தான் ஆசை.
தொடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்;
வீட்டில் என்ன இருக்கிறதென்று அவர் கேட்கவில்லை.
கழுத்தைச் சாய்த்து எட்டினேன்.
தும்மியபோதும் விடாமல் இடுக்கியிருந்த தீப்பெட்டி
அவர் பூட்சின் மேல் விழுந்தது.

குனிந்து எடுத்தார். ஆட்டிப் பார்த்தார். காலி.
"இது எதுக்கு?"
யாரும் பேசவில்லை.
அவர் நோட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.
ஒன்பது என்று மட்டும் எழுதிக்கொண்டு
பெட்டியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் வாசலில் பலகை தொங்கியது:
இங்கே சிறுவர்கள் வேலை செய்வதில்லை.
உண்மைதான்.
இலையும் தூளும் நூலும் முறத்தில் ஏறி
எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.
எங்கள் சந்தில் ஜட்கா நுழையாது.
அம்மா, அக்கா, நான், ஒரு சிம்னி விளக்கு.
ஆயிரத்துக்கு நூறு கழிவு என்று தள்ளுவார்கள்,
தள்ளியதையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

வைகாசி பிறந்தது. கெங்கையம்மன் சிரசு.
அன்று ஒருநாள் முறம் சுவரில் சாய்ந்திருந்தது.
ஆற்றோரம் நெரிசல்,
உடைத்த தேங்காய் காலில் குத்தியது.
தோள்களின் மேல் ஏறி வந்தது அம்மனின் தலை.
வெட்டுப்பட்ட தலை.
கண்ணை விரித்து
நேராக, எல்லாரையும் பார்த்துக்கொண்டு.

"பாருடி, தலையத் தூக்கிப் பாருடி" என்று
அக்கா என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

நிமிர்ந்ததும்
என் கை தானாகக் கீழே போனது,
விழப்போவதைப் பிடிக்க.