மஞ்சள் பொத்தான்

தொண்ணூறு நாள் விசாவில் வந்திறங்கினாள் லாவ்லாவ்.
டாலியனில் அம்மாவின் அம்மாவை
அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
பெர்கனில் அப்படி ஒருத்தியைக் கூப்பிட
என்னைத் தவிர ஆளில்லை.

பெட்டி இருபத்துமூன்று கிலோ.
அவள் துணிமணி இரண்டு கிலோ இருக்கலாம்.
மற்றதெல்லாம் வெயிலில் காய்ந்தவை:
கடல்வெள்ளரி, இறால், காளான்,
ஒரு தலையணை உறை நிறைய சிவப்பு இலந்தை.
சுங்கத்தில் எதையோ கேட்டிருக்கிறார்கள்.
செவிடிபோல் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

என் அறை அவளுக்கு. கூடத்து சோபா எனக்கு.
ஐந்தரைக்கு விளக்கெரியும், கெட்டில் இரையும்.
கையால் கழுவிய கிண்ணங்களை
பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் அடுக்கி
காயவைப்பாள், கதவைத் திறந்தே போட்டு.
அந்த அலமாரிக்கு அப்பா கொடுத்த விலையை
அவளிடம் யாரும் சொல்லவில்லை.

பச்சைத் தண்ணீர் குடிப்பவர்களை
தண்டவாளத்தில் நடப்பவர்களைப்போல் பார்ப்பாள்.
அக்டோபரில் ஒருநாள்
அப்பா கடலில் நீந்திவிட்டு ஈரத்தலையோடு வந்தார்.
ஒன்றும் பேசவில்லை.
வெந்நீரை அவர் முன் வைத்தாள்.
கோப்பை காலியாகும்வரை நகரவில்லை.

என் சீனமொழிக்கு மூன்று வயதுதான்.
பசி. போதும். தூக்கம். வேண்டாம்.
அதற்குமேல் கைபேசி.
அவள் நீளமாகப் பேசுவாள், அது கொஞ்சம் யோசிக்கும்,
பிறகு செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில்
நார்வேஜியத்தில் அறிவிக்கும்:
"உன் முழங்கால் வீட்டுக்கு வெளியே வசிக்கிறது."
கிழிந்த ஜீன்ஸைச் சொல்கிறாள்.
மறுநாள் தைத்திருந்தாள்,
பூனை முகம் ஒட்டுப்போட்டு.

காலை மழையில், மழைக்கோட்டில்,
ஏரியைச் சுற்றிப் பின்னோக்கி நடப்பாள்
தோள்களைப் பட்பட்டென்று தட்டிக்கொண்டு.
மூன்றாம் மாடி குன்வோர் ஒரு வாரம் நின்று பார்த்தாள்.
அடுத்த வாரம் அவளும் பின்னோக்கி நடந்தாள்.
இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது.
எதிலும் இடித்துக்கொள்ளவில்லை,
ஒரே ஒரு வாத்தைத் தவிர.

வரும் வழியில் பெஞ்சுக்கடியில் குனிந்து
காலி பாட்டில்கள், பீர் டப்பாக்கள்.
அம்மா முகம் சுண்டிப்போனாள்:
"யாராவது பார்த்தால்?"
"இந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும்?"

கடைச்சுவரில் ஓர் இயந்திரம் டப்பாக்களை விழுங்கும்.
பச்சைப் பொத்தானை அழுத்தினால் காசுக்குச் சீட்டு.
மஞ்சளை அழுத்தினால் காசு தருமத்துக்குப் போகும்;
பதிலுக்கு ஒரு குலுக்கல்.
விழுந்தால் பரிசு. விழாது.

ஒரு சனிக்கிழமை அவளுக்குப் பின்னால் நின்றேன்.
மஞ்சள்.
மீண்டும் மஞ்சள்.
ஏழு வாரமாகவா!
கைபேசியை நீட்டி, நிறுத்தி நிறுத்தி, விளக்கினேன்.
கவனமாகக் கேட்டாள். தலையாட்டினாள்.
கடைசி டப்பாவை உள்ளே தள்ளி
மஞ்சளை அழுத்தினாள்.

பிறகு கைபேசியை வாங்கிக்கொண்டாள்.
செய்திக்குரல் அறிவித்தது:
"முதல் நாளே தெரியும். பொத்தானில் படம் இருக்கிறது.
நான் முப்பது ஆண்டுகளாக மாஜாங் ஆடுகிறவள்.
தொண்ணூறு நாள் பந்தயம் இல்லாமல்
மனிதன் எப்படி இருப்பான்?"
கடைசி வாக்கியத்தைக் கைபேசிக்குத் தரவில்லை,
காதோரம் குனிந்து அவளே சொன்னாள்.
அம்மாவிடம் சொல்லாதே.
புரிந்தது.
மூன்று வயதில் கற்றுக்கொண்டதுதான்.

திரும்பும்போது பெட்டி இருபத்துநான்கரை.
மீனெண்ணெய் மாத்திரைகள், பழுப்புச் சீஸ்,
குன்வோர் பின்னிய காலுறைகள்.
எடைமேடை முன்னால் பெட்டியைத் திறந்து
ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

கடவுச்சீட்டுக்குள் கசங்காமல் ஒரு துண்டுக்காகிதம்.
ஒரே ஒரு தடவை விழுந்திருக்கிறது:
ஐம்பது குரோனர்.
மாற்றித் தரட்டுமா என்றேன்.
வேண்டாம்.
டாலியனில் மூன்று பேர் காத்திருக்கிறார்கள்,
மேசையில் அதை மெல்ல வைத்துக் காட்டவேண்டுமாம்.