எல்லாம் சிவப்பு

காக்கி புக்கிட், மூன்றாம் தளம்.
விசிறி இந்தப் பக்கம் திரும்பினால்தான் காற்று.
முதுகு சிமெண்டில், தலை டாஷ்போர்டுக்கு அடியில்,
டார்ச் பல்லிடுக்கில்.

இதற்கு முன் கை வைத்தவன்
சிம் லிம் டவரில் ஒரே சுருளாய் வாங்கியிருக்க வேண்டும்.
ஹாரனுக்குச் சிவப்பு, விளக்குக்குச் சிவப்பு,
எர்த்துக்கும், பாவி, சிவப்பு.

ஒன்றைத் தொட்டு, "இப்போ?" என்கிறேன்.
"வைப்பர் ஆடுது நளா" என்கிறான் ஹஃபீஸ்.
நான் தேடியது இடப்பக்க சிக்னல்.

நாலு மணி நேரம். பதினேழு வயர்.
மாஸ்கிங் டேப்பில் ஒவ்வொன்றுக்கும் பெயர்;
வியர்வை பட்டு
பெட்ரோல் 'பெட்ரோ' ஆகிவிட்டது.

பதினெட்டாவது மட்டும்
மீட்டருக்குப் பின்னால் கிளம்பி
பொத்தான் இல்லாத ஓர் ஓட்டை வரை வந்து
சும்மா நிற்கிறது.
இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த கார் இது.
படத்தைப் பிரித்துப் பார்த்தோம்:
ஹீட்டர்.

ஹஃபீஸ் சிரித்து முடிக்கும்வரை
கட்டரைத் திறந்தே வைத்திருந்தேன்.
பிறகு வெட்டாமல் சுருட்டி,
முனைக்கு டேப் சுற்றி, எழுதினேன்:
குளிர்காலம்.

சாவி திருப்பினோம். எல்லாம் எரிகிறது.
ஹாரன் அடித்தால் மட்டும்
வைப்பர் இன்னும் லேசாய்த்
துடிக்கிறது.