ஐ-என்-ஜி போடக் கூடாத சொற்கள்

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன்.
சி, யு, டி, இன்னொரு டி,
அங்கே சாக்பீஸ் ஒடிந்தது இம்தியாசுக்கு.
"கடலூருக்கு ஒரு ட தானே மிஸ்?"
வெள்ளைக்காரன் காதில் இரண்டாக விழுந்திருக்கும்.
"கடைசியில ஒரு இ நிக்குதே, அதுக்கு என்ன வேலை?"
வேலை கிடையாது, சம்பளம் மட்டும் என்றேன்.
ஒன்பதாம் வகுப்பு சிரித்த சத்தத்தில்
தலைமையாசிரியர் தலை ஜன்னலில் முளைத்து மறைந்தது.

நொண்டி அடித்தால் இரண்டு பி,
நம்பிக்கை வைத்தால் ஒரே பி:
ஹாப்பிங், ஹோப்பிங்.
பதினோரு வருடமாக இதே சூத்திரம்,
இன்னும் யாரும் வாபஸ் கொண்டுவரவில்லை.

வெள்ளிக்கிழமை வர்ணனைக் கட்டுரை.
கண் காது மூக்கு நாக்கு தோல்
ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்து
உங்கள் தெரு, ஒரு மாலை நேரம், நூறு வார்த்தை என்றேன்.
முப்பத்தோரு நோட்டு வந்தது.
முப்பதிலும் ஒரே தென்றல்
கைடின் நூற்றுப் பதினாறாம் பக்கத்திலிருந்து புறப்பட்டு வீசுகிறது.
முப்பதிலும் சூரியன் தங்கத் தட்டாகக் கடலில் இறங்குகிறது,
தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் நோட்டிலும்.
தினம் அது கடலிலிருந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே
படகு மறைவில் பல் தேய்க்கிறவர்கள்.
எழுத்துப்பிழை இல்லாததால் ஐந்துக்கு நாலரை போட்டேன்.

முப்பத்தொன்றாவது நோட்டு பவதாரணியுடையது.
உப்பனாற்றை ஒட்டி, ஆலைச் சுவருக்குப் பின்னால் வீடு.
கண் கட்டத்தில் ஒன்றுமில்லை, கரண்ட் போயிருந்ததாம்.
காதில் அப்பா அஞ்சாப்புலியின் இருமல்,
கடைசியில் ஜி-எச்சுக்குப் பதில் ஓர் எஃப்.
நாக்கில் ஒரு ரூபாய்க் காசு.
மூக்கு மட்டும் கட்டம் தாண்டி
பின்பக்கம் வரை போயிருந்தது.
திங்கட்கிழமை அழுகின முட்டை,
செவ்வாய் நெயில் பாலிஷ்,
இன்றைக்குப் பெயர் தெரியவில்லை,
பலாப்பழத்தை டயரோடு கொளுத்தின மாதிரி.
வாக்கியத்துக்கு வாக்கியம்
இட் ஈஸ் ஸ்மெல்லிங், இட் ஈஸ் ஸ்மெல்லிங்.

ஒன்பது இடத்தில் சிவப்பால் சுழித்தேன்.
அறி, நம்பு, விரும்பு, நாறு:
இவை நிலையைச் சொல்லும் வினைகள், ஐ-என்-ஜி ஏற்காது.
ஸ்மெல்ஸ் என்று எழுது.

சாப்பாட்டு மணிக்கு வந்து நின்றாள்.
"ஸ்மெல்ஸ்னா எப்பவும் நாறும்னு அர்த்தமா மிஸ்?"
ஆமாம். பொது உண்மை. சூரியன் கிழக்கே உதிக்கிறது மாதிரி.
"அப்படின்னா தப்பு மிஸ். எப்பவும் நாறாது.
ஆபீசருங்க மிஷினோட வந்த அன்னிக்கு நாறல.
ராத்திரி ஒன்பது ஒன்பதரைக்குத் தொறந்து விடுவாங்க.
நான் எழுதும்போது வந்துகிட்டே இருந்துச்சு."

டிபன் பாக்ஸை மூடினேன்.
புத்தகம் அவள் பக்கம் இல்லை.
விடைக்குறிப்பும் இல்லை,
பிழைக்கு அரை மதிப்பெண் பிடிக்கச் சொல்கிறது.
"இன்னொரு சந்தேகம். இந்த இட் யாரு மிஸ்?"
மழை பெய்கிறது என்பதற்கும் இட் தான் போடுகிறோம்,
அது யாரையும் குறிக்காது, சும்மா இடத்தை அடைக்கும்
என்று ஜூன் மாதம் நானேதான் நடத்தியிருந்தேன்.
அவள் நோட்டில் இருக்கிறது, அடிக்கோடிட்டு.
"மழையை யாரும் தொறந்து விடலியே" என்றாள்,
என்னிடம் அல்ல, நோட்டைப் பார்த்து.

சிவப்புச் சுழியை வெள்ளை மையால் அழித்தால்
தாள் தடித்துவிடும், ஆய்வுக்கு வருபவர் கேட்பார்.
ஒவ்வொரு சுழிக்கும் அடியில் ஒரு டிக் போட்டேன்.
பென்சிலில்தான்.

அடுத்த பாடவேளை பத்தாம் வகுப்பு பி.
செயப்பாட்டு வினை.
கதவு திறக்கப்பட்டது என்று எழுதிவிட்டு,
திறந்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ
சொல்ல வேண்டாமென்றாலோ
பை போட்டு அவர் பெயரைச் சேர்க்க அவசியமில்லை என்கிற
அடுத்த வரிக்காகச் சாக்பீஸைத் தூக்கினேன்.
தூக்கியபடி நின்றேன் போலிருக்கிறது.
கடைசி பெஞ்சில் யாரோ
"அதை விட்டுட்டா எத்தனை மார்க் போகும் மிஸ்?" என்றார்கள்.