பொத்தான் பதிவேடு

வக்ராவைத் தாண்டி, தளத்து வேலிக்கு இப்பால்,
தகரக் கூரை போட்ட சலவைக்கூடம்.
இரவு ஷிப்டில் கணக்கெழுதுகிறவன் நான்.
திருச்சுழியில் கேட்டால், ஏர்போர்ட்டில் வேலை என்பார்கள்.
பொய்யில்லை. விமானம் போகிறது, வருகிறது,
தலைக்கு மேலேதான்.

உடுப்புகள் லாரியில் பைபையாக வரும்.
காலுறை எத்தனை, உள்பனியன் எத்தனை,
முழங்காலில் கிழிசல் உண்டா, காலரில் கறை உண்டா,
எல்லாம் மூன்று படியில்: வெள்ளை, மஞ்சள், ரோஸ்.
ஒரு பொத்தான் குறைந்தாலும்
யார் ஷிப்ட், எந்த எந்திரம், எத்தனை மணி, எந்தக் கை
என்று நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.
ஏழு நாளில் பதில் போகாவிட்டால்
சம்பளத்தில் பிடித்தம்.
போன மாதம் தில்பகதூருக்கு
நாற்பது ரியால் போயிற்று, ஒரு ஜிப்புக்காக.

ஹம்தான் எங்கள் தையல்காரன். ஏமன்காரன்.
சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தபோது
போன் வந்தது.
கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான்.
பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்து
சட்டையை மடித்து
என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்:
தண்ணீர் லாரி வந்திருக்கிறது அக்கா ஊருக்கு.
வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

அன்றிரவு இரண்டு பத்துக்கு இரண்டு போயின.
நாலு ஐம்பதுக்கு இரண்டு திரும்பின.
எண்ணுவது என் பழக்கம், வேறொன்றுமில்லை.
அவைதானா? தெரியாது.
தெரியாது என்பதைத்தான்
இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிவியில் ஒருவர் மேடைப்பலகைக்குப் பின்னால் நின்றார்.
காலரைத்தான் முதலில் பார்த்தேன், தொழில் புத்தி.
நல்ல கஞ்சி. எங்களுடையதில் இத்தனை விறைப்பு வராது.
தகவல் வந்திருக்கிறது, ஆராய்கிறோம் என்றார்.
நம்பத்தகுந்ததாக இல்லை என்றார்.
ஒரு முழுத் தண்ணீர் லாரியை
ஒரு வாக்கியத்துக்குள் மறைத்துவிட்டு
அடுத்த கேள்வி என்றார்.

பதிவேட்டில் புதுப் பக்கம் எடுத்தேன்.
படிவம் ஆங்கிலத்தில். கட்டங்களைத் தமிழில் நிரப்பினேன்.
கை நடுங்கும்போது அதுதான் வருகிறது.
லாரி, ஒன்று.
மஞ்சள் கேன், பதினான்கு. இரண்டில் தண்ணீர் மிச்சம்.
செருப்பு, எண்ணவில்லை.
ஆள், பதினொன்று.
நீ சொல், ஒவ்வொன்றாய்ச் சொல் என்றேன்.
முனீரா. ஸாலிஹ். பஷாயிர், வயது ஆறு.
காலிப் என்று எழுதியதைத் தொட்டு
இல்லை, தொண்டையிலிருந்து வர வேண்டும் என்றான்.
அந்த எழுத்து எங்களிடம் இல்லை, ஹம்தான்.
அவன் அந்தப் பெயரை இன்னொருமுறை சொன்னான்,
எழுத்து இல்லாவிட்டால் பரவாயில்லை,
காதிலாவது சரியாக இருக்கட்டும் என்பதுபோல.

யார் ஷிப்ட்?
எந்த எந்திரம்?
எத்தனை மணி?
எந்தக் கை?
நாலு கட்டமும் காலி.
கீழே ஐந்தாவதாக ஒன்று உண்டு: 'தவறுதலாக'.
அதில் டிக் போடவாவது
ஒரு பேனாவை எடுங்கள் ஐயா.
தவறென்றால் தவறென்று எழுதுங்கள், பெயர் போட்டு.
பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.
பொத்தானுக்குத்தான் விலைப்பட்டியல் இருக்கிறது.

பெறுநர் விலாசம் எனக்குத் தெரியாது.
வெள்ளைப் படியை நாலாக மடித்து
தேய்த்து முடித்த ஒரு சட்டையின் இடது பைக்குள் வைத்து
பொத்தானைப் போட்டேன்.
ஹம்தான் வைத்த பொத்தான், இறுக்கமானது.
ரோஸ் அவனிடம்.
மஞ்சள் பதிவேட்டில், குரியன் சார் பார்த்தால் பார்க்கட்டும்.
அந்தச் சட்டைகளைத் துவைத்ததில்
என் கையும் உண்டு. அதையும் எழுதியிருக்கிறேன்,
கடைசி வரியில், கையெழுத்துக்கு மேலே.

இன்று ஒன்பதாம் நாள்.
லாரி வந்தது, நூற்றுப் பன்னிரண்டு பை.
ஒவ்வொரு சட்டையின் இடது பையையும்
திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.
மணல்தான் இருக்கிறது.

பிடித்தம் யார் சம்பளத்தில்?