சலூன்

குப்பம் தாண்டி, கைவிட்ட ஒரு கிரானைட் குவாரியில்
பதினோரு நாளில் கௌபாய் ஊர் எழுந்தது.
பிளைவுட் வங்கி, பிளைவுட் ஜெயில்,
தெர்மோகோல் தூக்குமரம்.
அந்த ஊர்ச் சாராயக்கடைக்கு
நான்தான் போர்டு எழுதினேன்,
கொட்டை எழுத்தில்: சலூன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு
பக்கத்துக் குவாரி ஆட்கள் எட்டுப் பேர்
தாடியைச் சொறிந்தபடி வரிசையில் நின்றார்கள்.
முனிரத்தினம் என்பவர் கேட்டார்:
"ஷேவிங் மட்டும்னா எவ்ளோ?"
டைரக்டர் மைக்கில் கத்தி விரட்டினார்.
கேமரா அப்போது பெட்டிக்குள் இருந்தது.

எடுத்தது இது:
ஒட்டுமீசைக் கோதண்டம் குதிரையிலிருந்து குதித்து
கேஷியர் நெற்றியில் துப்பாக்கியை வைத்து
"ஓடிபி சொல்லு" என்பார்.
பதினாலு டேக். யூனிட்டே சிரித்தது,
டீ கொடுக்கும் பையனைத் தவிர.

குதிரை பேரணாம்பட்டுக் கல்யாணக் குதிரை.
பெயர் தாசில்தார்.
நேருக்கு நேர் சுடும் காட்சி;
புழுதி, மௌனம், இரண்டு ஜோடிக் கண்கள்.
வெடிச் சத்தம் கேட்டதும்
மாப்பிள்ளை அழைப்பு என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது,
முன்னங்காலைத் தூக்கித் தூக்கி
ஒரு முழுச் சுற்று ஆடியது.
பாறைமேல் நின்றவர்கள் விசிலடித்தார்கள்.
கட், கட்.

செத்த பையனுக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள்.
கல் ஷெட்டிலிருந்து வெங்கடம்மாவைக் கூட்டி வந்தோம்,
கூலி நானூறு.
அழச் சொன்னால்
முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
சத்தமா அம்மா, கொஞ்சம் சத்தமா.
எழுந்திருடா, சோறு ஆறுது என்று
தெலுங்கில் சொன்னார், அதட்டுவதுபோல.
ஒரே டேக்.

ரிலீசன்று குப்பத்தில் இரவுக் காட்சிக்குப் போனேன்.
முதல் ஓடிபிக்கு நாற்காலிகள் அதிர்ந்தன.
மூன்றாவதுக்கு
முன்னால் இருந்தவன் தன் போனை எடுத்துப் பார்த்தான்.
வெங்கடம்மா வந்தார்.
அவர் சொன்னதன் வாலில்
சென்னையில் யாரோ ஒரு 'டொய்ங்' ஒட்டியிருந்தார்கள்.
பால்கனி பழக்கதோஷத்தில் சிரித்தது.
கீழே பெஞ்சுகளில் யாரும் அசையவில்லை.
ஒரே ஒருவர் திரும்பி
மேலே, எங்களைப் பார்த்தார்.
வெளிச்சம் போதவில்லை, ஆனால் தாடி தெரிந்தது.

வாசலில் பிடித்துக்கொண்டார் முனிரத்தினம்.
"குதுர ஆடிச்சே, அது எங்க?"
வெட்டிட்டாங்க.
"நாங்க வந்து நின்னது?"
அத எடுக்கவே இல்லீங்க.
"அப்ப எதத்தான் எடுத்தீங்க?"

நாட்றம்பள்ளிக்குக் கடைசி பஸ்
ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது.
ஓடிப்போய் ஏறினேன்.
சில்லறை இல்லை என்றார் கண்டக்டர்.