இரு

காளவாசல் டயர் கடைக்கு மேல் மாடியில்
வாரம் மூன்று நாள் வகுப்பு.
கீழே கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம்
சையது பேச்சை நிறுத்திவிடுவான்.
அது ஓயும் வரை
பலகையில் எழுதியதையே
பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒசாகாவில் மூன்று வருஷம்
கடைசல் பட்டறையில் இரும்பு சீவியவன்.
இலக்கணம் கேட்டால் தலையைச் சொறிவான்.
எதை, யாரிடம், எந்த நேரத்தில் சொல்வார்கள்,
அது மட்டும் தெரியும் அவனுக்கு.

முதல் நாள் 'நை' என்றான். இல்லை என்று அர்த்தம்.
பின்வரிசையில் முத்திருளாயி குரைத்துக் காட்டினாள்.
'சொத்தோ' என்றான்.
எங்களுக்கேது சொத்து என்றாள் அவளே.
கொஞ்சம் என்று பொருளாம்.
ஆனால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லாமல்
'அது கொஞ்சம்...' என்று இழுத்து
அப்படியே விட்டுவிடுவார்களாம்.
மிச்சத்தை எதிராளிதான்
முடித்துக்கொள்ள வேண்டும்.

இரவில் கே.கே. நகர் ஆஸ்பத்திரி, இரண்டாம் தளம்.
சலைன் சொட்டுகிற இடைவெளியில்
உள்ளங்கையில் எழுதிவந்ததைப் பார்ப்பேன்.
ஒதைஜி நி.
வீடு திரும்பும் நோயாளிக்கு நர்ஸ் சொல்வது,
உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ஏழாம் படுக்கை, சோழவந்தான் வெற்றிலைக்காரரிடம்
சொல்லிப் பார்த்தேன்.
"யாரை ஒதைக்கணும் தாயி?" என்றார்.
காலையில் பில் கட்டி, பையைத் தூக்கி,
திரும்பிப் பாராமல் நடந்தார்.
ஆஸ்பத்திரியில் யாரும் வர்றேன் என்று சொல்வதில்லை.
சொன்னால் வர நேரும்.
ஆறு வருஷமாய்
முதுகுகளைப் பார்த்தே பழகிப்போன வேலை.

அதனால்தானோ என்னவோ
'இத்தெ கிமாஸ்' வந்த அன்று
பேனா ஓடவில்லை எனக்கு.
இத்தெ, போய். கிமாஸ், வருகிறேன்.
வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்வது.
தமிழில் இதை எப்படிச் சொல்ல என்று சையது யோசிக்க
வகுப்பே சேர்ந்து கத்தியது:
போயிட்டு வர்றேன்!

மாட்டுத்தாவணியில், திருப்பூர் வண்டிப் படிக்கட்டில்,
ஒரு கை கம்பியில்,
மறு கையால் முறுக்குப் பொட்டலத்தைத்
தம்பிக்கு நீட்டியபடி
அப்பா சொன்னதும் அதுதான்.
நான் ஒன்பதாம் வகுப்பு.
வண்டி நகர்ந்த பிறகும்
இன்னொரு தரம் சொன்னார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, இரு, அரு.
உயிர் உள்ளதற்கு இரு.
மற்றதற்கெல்லாம் அரு.
நம்ம 'இரு'தான், ஓசைகூட மாறவில்லை.
மேசை அரு. வைகைப் பாலம் அரு.
மல்லிகை?
செடியில் உயிரோடுதானே நிற்குது என்றாள் முத்திருளாயி.
அரு. மரம், செடி, கொடி எல்லாம் அரு.
தானாய் நகர வேண்டும்.
அப்போ பேய்?
சையது ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு
இரு, என்றான்.
நகரும்ல.

சனிக்கிழமை மாதிரி நேர்காணல்.
டை கட்டிக்கொண்டு வந்திருந்தான்.
கஸோகு வா நன்னின் இமாஸ் கா?
குடும்பத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?
சன்னின் என்றால் மூன்று பேர்,
யொநின் என்றால் நாலு.
அம்மா, தம்பி, நான்.
விரல் அங்கேயே நின்றது.
ரேஷன் அட்டையில் நாலு.
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்
அப்பாவைக் கேட்டபோது
அம்மா 'அது வந்து...' என்று இழுத்து
அப்படியே விட்டாள்.
அவர் எப்படி முடித்துக்கொண்டாரோ,
எதையோ எழுதிக்கொண்டு போனார்.

யொநின், என்றேன்.
விண்ணப்பத்துல மூணுன்னு இருக்கே,
நாலாவது ஆள் எங்க?
கேள்வி தமிழில் வந்தது.
முந்தின ராத்திரிதான் அந்தச் சொல்லைப் படித்திருந்தேன்.

தொகொகா நி இமாஸ்.
எங்கோ இருக்கிறார்.

வினைச்சொல் சரி என்று டிக் போட்டான்.
அடுத்ததைக் கேட்க வாய் திறந்தபோது
கீழே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது.
மேசை அதிர்ந்தது, பேனா உருண்டது.
சையது என்னைப் பார்த்துக்
கையை உயர்த்திக் காட்டி
உதட்டை மட்டும் அசைத்தான்,
தமிழில்தான்:
இரு.